திரைக்குப் பின்னால் பார்த்த நீலம்

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், காகிதக் கட்டுகள் அடுக்கும் சின்ன அறையின் வாசலில் ஒரு குளியலறைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில் கனமான துணி, இரும்புக் கம்பியில் பன்னிரண்டு வளையங்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். போன மாதம் நான் ஓய்வு பெற்ற அன்று பீட்சா வாங்கி வைத்து விடை கொடுத்தார்கள். டிசைன் பிரிவில் இருக்கும் கார்த்திக் அன்றும் விடவில்லை.

"அங்கிள், இப்பவாச்சும் சொல்லிடுங்க. பிரெஸ்ல எதுக்கு ஷவர் கர்ட்டன்? யாராச்சும் குளிச்சாங்களா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்யாண வீட்டில் மைக் கொடுத்தால்கூட வாங்காமல் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவேன். "எழுதித் தர்றேன் தம்பி" என்று தப்பித்துக்கொண்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது எப்படி இருக்குமோ, தெரியவில்லை. ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கும்.

சிவகாசியில் பள்ளிக்கூடம் முடித்ததும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி அட்டை. ரோலர் கழுவினேன், தாள் அடுக்கினேன், கடைசியில் மை கலக்கும் மேஜைக்கு வந்தேன். அங்கே கற்றதில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். மை ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தபின் வேறு நிறம். மட்டமான தாள் மையை உள்ளே இழுக்கும். நிறமும் கூடவே இறங்கும். சிவகாசி வெயிலில் அது பெரிய காரியமில்லை. முதல் தாளை வெளியே போட்டு, பறக்காமல் கல் வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் உண்மையான நிறம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் டீக்கடை அடுப்பு மேடையில் காட்டிக் காயவைப்போம்.

எட்டு வருடம் கழித்துக் கல்யாணம். என் மனைவி செல்வி நாகர்கோவில் பக்கம், நர்ஸ். நியூ ஜெர்சியில் அவளுக்கு ஏற்கெனவே வேலை இருந்தது. அவள் பின்னால் நான் வந்தேன். நாங்கள் குடியிருந்த எடிசன் ஊரில் கொஞ்ச காலம் எனக்குப் பெயரே கிடையாது. 'செல்வி சிஸ்டர் வீட்டுக்காரர்', அவ்வளவுதான்.

அப்போது என்னை வேலைக்கு எடுத்தவர் ஸ்தோயான். பல்கேரியாக்காரர். இருபது வயதில், கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த தன் நாட்டிலிருந்து மலைவழியே எல்லை தாண்டி நடந்தே தப்பி வந்தவர். நான் பார்த்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். ஏப்ரனுக்குள் தினமும் டை கட்டியிருப்பார். குரலை உயர்த்த மாட்டார். இயந்திரத்தில் இருந்து வரும் முதல் நல்ல தாளை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னலுக்குக் கொண்டுபோவார். பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். சரி என்றால் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டுவார். நானும் போட வேண்டும். "மெஷின்மேல பழி போடக்கூடாது முரு. மெஷினுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்பார். முருகேசன் என்ற பெயர் அவர் வாயில் முரு என்பதற்குமேல் போகவில்லை. அவரும் அவர் ஊர்க்காரர்களும் பேசியதெல்லாம் ஆங்கிலத்திலும் அவர்கள் மொழியிலும்தான். என் காதில் பதிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அவர் நாட்டில் எல்லாம் மாறியது. நாற்பத்தைந்து வருடம் ஆண்ட ஒரே கட்சியின் பிடி விட்டது. பல கட்சிகள் வந்தன. புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். இனி நாட்டை நடத்துவது நாடாளுமன்றம், அதில் யார் உட்காருவது என்பதை மக்கள் முடிவுசெய்வார்கள் என்று அதில் இருந்தது. அந்தச் சட்டப்படி முதல் தேர்தல் அறிவித்தார்கள். ஸ்தோயானுக்குக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. அந்தக் கடிதம் வந்த அன்று அவர் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்களுக்கெல்லாம் தன் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு, எங்களிடம் இருந்த பழைய இரண்டு வண்ண இயந்திரம் ஒன்றைப் பிரித்து, கப்பலில் தன் சொந்த ஊர் அரசு அச்சகத்துக்குத் தானமாக அனுப்பினார். அந்த வட்டாரத்தின் வாக்குச்சீட்டுகளை அதில் அடிப்பதாக ஏற்பாடு. அதை அங்கே பொருத்தி ஓட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

"நீ வா" என்றார்.

"எனக்கு இங்கிலீஷே தகராறு சார்."

"அங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. உனக்குத்தான் வசதி."

போனேன். இலையுதிர் காலம். கட்டடம் முழுக்கக் குளிர். ஹீட்டிங் இன்னும் போடவில்லை. கோட்டுக்குமேல் கோட்டுப் போட்டு வேலை செய்தார்கள். அந்த ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள். நம் ஆட்டலும் அப்படித்தான் என்பதால், இரண்டே நாளில் என்னைச் சொந்தக்காரன் மாதிரி நடத்த ஆரம்பித்தார்கள். அச்சகத்தின் தலைமைப் பொறியாளர் வெசெலா என்ற அம்மாள். ஐம்பது வயது இருக்கும். சாவிக்கொத்தை இடுப்பில் கட்டியிருப்பார். நடந்தால் முதலில் சாவிச் சத்தம் வரும், பிறகு அவர் வருவார்.

அங்கே ஓட்டுப் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மாதிரி எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் இருக்காது. ஒரு கட்சிக்கு ஒரு சீட்டு. ஒவ்வொன்றும் ஒரு நிறம். வாக்காளர் திரைக்குப் பின்னால் போய், தனக்கு வேண்டிய நிறச் சீட்டை எடுத்து உறையில் போட்டு, வெளியே வந்து பெட்டியில் சேர்க்க வேண்டும். பழைய ஆளும் கட்சிக்குச் சிவப்பு. பெரிய எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு அடர் நீலம். அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த சின்னக் கட்சிக்கு வெளிர் நீலம். இன்னும் சில கட்சிகளுக்குப் பச்சை, ஆரஞ்சு. வண்ணக் காகிதம் கிடைக்கவில்லை. பழுப்பேறிய மட்டத் தாளில் முழுக்க வண்ணம் அடித்து, மேலே கறுப்பில் கட்சிப் பெயர். வயதானவர்கள் எழுத்தைப் பார்க்க மாட்டார்கள், நிறத்தைத்தான் பார்ப்பார்கள் என்று ஸ்தோயான் சொல்லியிருந்தார்.

அடர் நீலத்தை நான்தான் கலக்கினேன். தேர்தல் அதிகாரிகள் ஒப்புக்கொண்ட மாதிரித் தாளோடு ஜன்னலருகில் வைத்துப் பார்த்தோம். அச்சாகப் பொருந்தியது. வெசெலா பார்த்தார், ஸ்தோயான் பார்த்தார், மூவரும் கையெழுத்துப் போட்டோம். இயந்திரம் ஓடியது.

மூன்றாம் நாள் காலை மாடிப்படி அருகே அடுக்கியிருந்த கட்டுகளைக் கடந்து போனேன். வெளிர் நீலம் ஏன் இவ்வளவு அதிகமாக அடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் குனிந்து கட்டின்மேல் இருந்த தேதியைப் பார்த்தேன். அது வெளிர் நீலம் இல்லை. முதல் நாள் நான் அடித்த அடர் நீலம்.

சிவகாசியில் டீ குடிக்கிற நேரத்தில் காய்வது, அந்தக் குளிரில் இரண்டு நாள் எடுத்துக் காய்ந்திருந்தது. தாள் மையைக் குடித்து நிறத்தை இறக்கிவிட்டது. நியூ ஜெர்சியில் நல்ல பளபளப்புத் தாளில் ஓட்டிப் பழகி, காயவைத்துப் பார்க்க வேண்டும் என்பதையே நான் மறந்திருந்தேன். தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறும். எனக்குத் தெரியும். பதினாறு வயதிலேயே தெரியும்.

அடர் நீலச் சீட்டில் ஒரு பகுதி அடித்தாகிவிட்டது. கொஞ்சம் லாரியில் ஏறிப் பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது. தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள்.

செல்வி தன் ஆஸ்பத்திரிக் கதை ஒன்று சொல்லும்போது ஒரு வார்த்தை சொல்வாள்: "தப்பான மருந்து குடுத்துட்டா முதல்ல வாயைத் திறந்து சொல்லணும். அழறதெல்லாம் அப்புறம் பாத்ரூம்ல." அதுதான் காதில் ஓடியது. இரண்டு நீலத்திலும் ஒவ்வொரு தாளை எடுத்துக்கொண்டு ஸ்தோயானிடம் போனேன்.

அவர் ஜன்னலுக்குக் கொண்டுபோனார். "வித்தியாசம் தெரியுதே" என்றார். "குறைஞ்சிருக்கு. ஆனா தெரியுது."

வெசெலாவின் சாவிச் சத்தம் கேட்டது. அவரும் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. வேகமாக ஏதோ சொன்னார். ஸ்தோயான் மொழிபெயர்த்தார்: "கையெழுத்துப் போட்டாச்சு. வெளிச்சத்தில் பிரிச்சுப் பாக்க முடியுது. அப்ப இது பிழை இல்லை. அவனைச் சும்மா இருக்கச் சொல்லு."

வெசெலா கெட்டவர் இல்லை. அந்த அச்சகத்தில் பல வருடங்களுக்கு முன் ஒரு தலைவரின் படம் கொஞ்சம் மங்கலாக அச்சாகிவிட்டதாம். அதைத் தானாகப் போய்ச் சொன்ன தொழிலாளி மறுநாள் வேலைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. அதிலிருந்து அங்கே யாரும் எந்தப் பிழையையும் சொன்னதில்லை. பிழைப் பதிவேடு என்று ஒரு பெரிய நோட்டு இருந்தது. எல்லாப் பக்கமும் வெறுமை.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கடைசியில் கேட்டேன். "சார், சீட்டை எடுக்கற இடத்தில ஜன்னல் இருக்குமா?"

"இல்ல. திரைக்குப் பின்னால."

"அங்க வச்சு யாராச்சும் பாத்தீங்களா?"

ஸ்தோயான் அதை வெசெலாவிடம் சொன்னார். அந்த அம்மாள் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். "பதினெட்டு வயசிலேர்ந்து ஓட்டுப் போடறேன். திரைக்குப் பின்னால ஒரு தடவைகூடப் போனதில்லை."

பழைய தேர்தல்களிலும் திரை இருந்ததாம். ஆனால் யாரும் போக மாட்டார்கள். கொடுத்த சீட்டை எல்லார் கண்ணெதிரே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். திரைக்குப் பின்னால் போகிறவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று பெயரைக் குறித்துக்கொள்வார்கள். இப்போது புதுச் சட்டம் எழுதியவர்கள், புதுச் சீட்டு வரைந்தவர்கள், நிறம் ஒப்பிட்டவர்கள் எல்லாரும் அப்படி ஓட்டுப் போட்டு வளர்ந்தவர்கள்தான். திரைக்குள் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று ஒருவர் மனதிலும் தோன்றவில்லை. தோன்ற வழி இல்லை.

கேன்டீனில் சரக்கு வைக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு பழுப்புத் திரை இருந்தது. உள்ளே ஒரு பீப்பாய்மேல் எல்லா நிறச் சீட்டையும் கலைத்து வைத்தோம். அடர் நீலத்தை எடுத்து வர வேண்டும், எழுத்தைப் படிக்கக் கூடாது, நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். யார் போவது? ஏழெட்டுத் தொழிலாளர்கள் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. சமையல்கார அம்மாள் மட்டும், "அது என் வெங்காய ரூம்ப்பா, பயப்படாதீங்க" என்றார். அப்போதும் யாரும் போகவில்லை.

ஸ்தோயான் டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். வளையங்கள் கம்பியில் உரசின. நேரம் ஆனது. வெங்காய வாசனை வந்தது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கையில் இருந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார்.

வெளிர் நீலம்.

நாற்பது வருடம் அந்த அடர் நீலத்துக்காகக் காத்திருந்த மனிதர் அவர். யாருக்கு ஓட்டு என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் அப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெசெலா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய் அந்த வெற்று நோட்டைக் கொண்டுவந்து பேனாவைத் திறந்தார். என்ன நடந்தது என்று எழுதினார். கடைசிக் கட்டம் 'பொறுப்பு'.

"என் பேரைப் போடறேன்" என்றார்.

"மெஷின் என்னோடது. என் பேர்" என்றார் ஸ்தோயான்.

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். மை நான் கலக்கியது. முருகேசன் என்று தமிழில் எழுதினேன்; எனக்குக் கையெழுத்துப் போட வருவது அப்படித்தான். வெசெலா அந்த எழுத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இதைப் படிக்கிறவன் உன்னைப் பிடிக்கணும்னா முதல்ல உன் மொழியைப் படிக்கணும்" என்றார். அன்று அவர் செய்த ஒரே கிண்டல் அது.

பிறகு கட்சிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டோம். ஐந்து பேர். சிவப்புக் கட்சிக்காரர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். அடர் நீலத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியை. விஷயத்தைக் கேட்டதும் கேன்டீனில் தட்டு பறக்காத குறை. ஆசிரியை என் முன்னால் வந்து விரலை நீட்டினார். "உன்னை யார் அனுப்பினது? சிவப்பா?" சிவப்புக்காரர், "எங்களுக்கு எதுக்கும்மா இவன்? உங்க வீட்டுச் சண்டையிலதான் ரெண்டு நீலமே வந்தது" என்றார். வெளிர் நீலக்காரர் மட்டும் கொஞ்சம் அமைதியாக இருந்தார். அவருக்கு அந்தப் பிழையில் லாபம். அதை ஆசிரியை சொல்லியும் காட்டினார்.

என்னைப் பேசச் சொன்னார் ஸ்தோயான். வாழ்க்கையில் நான் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு முறைதான். மூன்று வாக்கியம். "மை நான் கலக்கினது. காயவச்சுப் பாக்க மறந்துட்டேன். திரைக்குள்ள போய்ப் பாருங்க."

ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்று பேர் தப்பாக எடுத்து வந்தார்கள். ஆசிரியையும் அதில் ஒருவர். சிவப்புக்காரர் சரியான அடர் நீலத்தோடு வந்து, "என் ஆயுசில இதை நான் எடுத்த ஒரே தடவை இதுதான், எழுதி வச்சுக்கோங்க" என்றார். முதலில் சிரித்தது ஆசிரியைதான். சிரித்த பிறகு வேலை ஓடியது.

லாரியில் போன கட்டுகளைத் திரும்ப வரவழைத்தார்கள். ஐந்து கட்சிக்காரர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் எண்ணினார்கள். ஒருவர் எண்ணுவார், எதிர்க்கட்சிக்காரர் மறுபடி எண்ணுவார். எல்லாவற்றையும் கொதிகலனில் போட்டு, கடைசித் தாள் எரியும்வரை ஐவரும் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கட்டடம் அந்தப் பருவத்தில் முதல்முறையாகச் சூடானது அன்றுதான்.

புது மைக்குக் கொஞ்சம் கறுப்பும் சேர்த்தேன். காயவைக்க இரண்டு நாள் கிடையாது. கேன்டீனில் ரொட்டி சுடும் அடுப்பு இருந்தது. டீக்கடை நினைவு வந்தது. அடுப்புக்கு மேலே தாளைத் தொங்கவிட்டேன். கால்மணி நேரத்தில் உண்மை நிறம் வந்தது. கலக்கு, அடி, காயவை, திரைக்குள் அனுப்பு. ஆறாவது கலவையில் சமையல்கார அம்மாள் உள்ளே போய் ஒரே நொடியில் சரியான தாளோடு வந்தார். அதில் கையெழுத்துப் போட்டோம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கடைசிக் கட்டு லாரியில் ஏறியது.

நான் திரும்பி வந்தபின் எங்கள் அச்சகத்துக்கு இந்த மாநிலத்தின் வாக்குச்சீட்டு வேலைகளும் வர ஆரம்பித்தன. முதல் வேலை வந்த அன்று ஸ்தோயானே கடைக்குப் போய் அந்தக் குளியலறைத் திரையை வாங்கி வந்து மாட்டினார். அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல், திரைக்குள் ஒருவர் போய் வராமல் நாங்கள் ஒரு வாக்குச்சீட்டையும் ஓட்டியதில்லை. ஒருமுறை, பேனாவால் நிரப்ப வேண்டிய வட்டங்களின் கோடு உள்ளே தெரியவில்லை என்று வரவேற்பறைப் பெண் வந்து சொன்னாள், இயந்திரத்தை நிறுத்தினோம். காகிதம் வீணானது என்று ஸ்தோயான் முகம் சுளிக்கவில்லை. அங்கே பார்த்த மாதிரி இங்கேயும் வைத்திருந்த பிழை நோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் இப்போது இல்லை. எண்பத்தேழு வயதுவரை டை கட்டிக்கொண்டு வந்தார்.

அடர் நீலத் தாள் ஒன்றைக்கூட நான் நினைவுக்கு எடுத்து வரவில்லை. கெட்டவை எரிந்தன, நல்லவை எண்ணிப் போயின. ஒரு தாள் என் பெட்டியில் இருந்திருந்தால் அந்த ஐந்து பேரின் கணக்கு தப்பியிருக்கும். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை என்பதுதான் என் பெருமை.

கார்த்திக், அந்தத் தேர்தல் நாளையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு. வரிசை தெருமுனை வரை நின்றது. நான் எதிர்ப்புறம் ஒரு மரத்தடியில் நின்றேன். வெசெலா உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வந்தார். சாவிக்கொத்தை அன்று கட்டவில்லை. என்னைப் பார்த்து, திரையை விலக்குவது மாதிரி கையைக் காட்டிவிட்டு நடந்தார். ஸ்தோயான் உள்ளே போய்க் கால்மணி நேரம் ஆகியும் வரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறாவது கலவையும் இறங்கிவிட்டதோ என்று பயந்தேன்.

வந்தார். டை சரியாக இருந்தது, கண் சிவந்திருந்தது.

ஓடிப்போய்க் கேட்டேன். "சார், நிறம் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"சரியானதைத்தானே எடுத்தீங்க? அடர் நீலம்தானே?"

அவர் நின்றார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். என் தோளில் கை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, நான் அவரிடம் கேட்டறியாத உரத்த குரலில் சொன்னார்:

"அதை நீ கேக்கக் கூடாது முரு. அது ரகசியம்!"